தண்ணீர்: உண்டு / இல்லை

போன வாரம் எண்ணூர்லேர்ந்து ஒரு போன் வந்துச்சு. "தேசப்பன் சாருங்களா?"ன்னு ஒரு குரல். முப்பத்தஞ்சு வருசம் கிரீஸ் கையோட அலைஞ்சவன சார்னு கூப்ட்டா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும், லோன் குடுக்கறேன்னு எவனாச்சும் கூப்பிடறானோன்னு. "இன்னா வோணும்?"னு வள்ளுனு வுழுந்தேன்.

பாவம், அவரு எங்க பழைய கம்பெனியில புதுசா சேந்த ஷிப்ட் இன்ஜினியர். புது கிரேனு வந்துகீதாம். கிரேன் ஃபாரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்களாம். பழைய பிரேக் ஃபாரத்துல ஒரே ஒரு கட்டம் மட்டும் யாருக்கும் புரியலையாம். "தண்ணீர்: உண்டு / இல்லை"ன்னு போட்டிருக்கு சார், குடிக்கற தண்ணியான்னு கேட்டாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. தேவையில்லன்னா எடுத்துடலாம்னு இவரு சீஃப் மேடம் கிட்ட கேட்டிருக்காரு. அவங்க, "தேசப்பன் அண்ணாச்சிட்ட கேட்டுட்டு எடுங்க"ன்னு சொல்லிட்டாங்களாம்.

"அந்தக் கட்டம் நான்தான் நைனா"ன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு நாள் டைம் குடுங்க, நடந்தத எழுதியே அனுப்பறேன், அப்பால எடுக்கறதா வேணாமான்னு சொல்றேன்னு போனை வெச்சேன். பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும். படிக்கறவங்க பொறுத்துக்கணும்.

நான் பொறந்து வளந்தது தண்டையார்பேட்டை. ஐ.டி.ஐ. முடிச்சிட்டு ஹார்பர்ல கிரேன வாடகைக்கு வுடற ஒரு தனியார் கம்பெனியில ஃபிட்டரா சேந்தேன். பேரு வேணாம். மூணு வருசம் கிரீஸ் தொடச்சேன், அப்பால அஞ்சு வருசம் அடுத்தவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன், அதுக்கும் அப்பாலதான் பிரேக்கத் தொட வுட்டாங்க. தொட்ட நாள்லேர்ந்து ரிடையர் ஆவற வரைக்கும் பிரேக்குதான் என் பொழப்பு.

எங்க பழைய கிரேனப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். கப்பல்லேர்ந்து இரும்பு காயில் எறக்குவோம். தகட்ட பாய் மாதிரி சுருட்டி வெச்சிருக்கும், ஒண்ணு பத்து டன்னு. தூக்கறதுக்கு இஞ்சின் பாடுபடும். கரைக்கு மேல கொண்டாந்து டிரெயிலர்ல எறக்கும்போது இஞ்சினுக்கு வேலையே கெடையாது. டிரைவரு கிளட்ச்ச வுட்டுடுவான், காயில் அதோட கனத்துல தானா எறங்கும், இவன் காலால பிரேக்க மிதிச்சி மிதிச்சி வேகத்தப் புடிச்சிகினே இருப்பான். கயிறு சுத்தற டிரம்மோட ஓரத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதச் சுத்தி ஒரு பட்டை. மிதிச்சா பட்டை வளையத்த கவ்வும். பத்து டன்னு பன்னெண்டு மீட்டர் எறங்கற பலம் பூரா அந்த வளையத்துலதான் வந்து வுழும். வளையம் சூடாவும், வாடை வரும், பட்டை வழுக்க ஆரம்பிக்கும்.

வழுக்கினா நாங்க இன்னா பண்ணுவோம்? பக்கெட்ல தண்ணி மொண்டு டிரம்மு மேல ஊத்துவோம். உஸ்ஸுனு ஆவி கெளம்பும், வளையம் கைய வெக்கற மாதிரி ஆய்டும், வேலை ஜல்தியா நடக்கும். எனக்கு முன்ன இருந்தவன் ஊத்தினான், நானும் ஊத்தினேன். டிரம்மு பக்கத்துல ஒரு செவப்பு பக்கெட்டு எப்பவும் ரெடியா குந்திகினு இருக்கும்.

அப்பதான் எஸ்தர் மேடம் வந்தாங்க.

கிரேன் மெயின்டெனன்ஸுக்கு அசிஸ்டென்ட் இன்ஜினியர். என்ன விட இருபது வயசு கம்மி. பூர்வீகம் தூத்துக்குடி பக்கம், அப்பா வண்ணாரப்பேட்டையில அரிசி மொத்த வியாபாரம். பொம்பளப் புள்ள வந்து கிரேன் பிரேக்குக்கு உதார் வுடப் போவுதான்னு நாங்க எல்லாம் கிண்டல் பண்ணோம். நான்தான் ஜாஸ்தி பண்ணேன், இப்ப சொல்றதுக்கு இன்னா வெக்கம். மொத நாளே வந்து, "அண்ணாச்சி, ஏணி எங்க?"ன்னு கேட்டு விறுவிறுன்னு டிரம்மு இருக்கற மெஷின் ரூமுக்கு ஏறிட்டாங்க. என்ன அண்ணாச்சின்னு கூப்ட்டதுல அன்னிலேர்ந்து கம்பெனி பூரா எனக்கு மளிகைக்கடை பேராய்டுச்சு. "அண்ணாச்சி, கால் கிலோ பருப்பு"ன்னு போறவன் வர்றவன் எல்லாம் கலாய்ச்சான்.

அவங்க சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க: "எங்க போச்சு?" ஆயில் ரெண்டு லிட்டர் கொறஞ்சா, எங்க போச்சு? பத்து போல்ட் கழட்டுனிய, ஒம்பதுதான் தட்டுல இருக்கு, ஒண்ணு எங்க போச்சு? வழிஞ்சிருந்தா வழிஞ்ச எடத்தக் காட்டணும், வுழுந்திருந்தா வுழுந்த எடத்தக் காட்டணும். "தெரியல"ன்னு சொன்னா கோவப்பட மாட்டாங்க. கூட சேந்து குனிஞ்சு தேடுவாங்க. கடைக்கு வந்த மூட்டை ஒண்ணு கண்ணுல படலன்னா அவங்க அப்பா சாப்புட உக்கார மாட்டாராம். அந்த வளர்ப்பு.

மூணாவது நாள், நான் டிரம்முல தண்ணி ஊத்தறத பாத்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். "எவ்ளோ சூடு இருந்துச்சு அண்ணாச்சி, ஊத்தறதுக்கு முன்ன?"ன்னு கேட்டாங்க. யாருக்குத் தெரியும்? கிரேனோட பின்னால பெரிய எடைக்கல்லு இருக்கும், அதுல சாக்பீஸால கணக்கு போட்டாங்க. பத்து டன்னு, பன்னெண்டு மீட்டர் எறக்கம், வளையத்தோட எடை எம்பது கிலோ. எறங்கற பலம் எல்லாம் சூடா மாறுனா, ஒரு எறக்கத்துக்கு வளையம் முப்பத்திரண்டு டிகிரி ஏறும்னு வந்துச்சு. நான் நக்கலா சிரிச்சேன். மறுநாள் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் கொண்டாந்து, ஒரே ஒரு காயில எறக்கச் சொல்லி, முன்னயும் பின்னயும் வளையத்துல அடிச்சுக் காட்டினாங்க. இருவத்தெட்டு ஏறியிருந்துச்சு. மிச்சம் நாலு எங்க போச்சுன்னு நான் மடக்கினேன். "பட்டைக்குப் போயிருக்கும், காத்துக்குப் போயிருக்கும். நல்லாக் கேட்டிய அண்ணாச்சி"ன்னாங்க. எனக்கு சிரிப்பு நின்னு பூடுச்சு.

அதுக்கப்பால ஒரு முறை போட்டாங்க. பத்து எறக்கத்துக்கு ஒரு தபா வேலைய நிறுத்தணும். ஒரு சாண் தூரத்துலேர்ந்து வளையத்துல மூணு எடத்துல அந்த தெர்மாமீட்டர் கன்ன அடிக்கணும், மூணுத்துல எது ஜாஸ்தியோ அத ஃபாரத்துல எழுதணும். எரநூறத் தாண்டினா அரை மணி நேரம் கிரேன் சும்மா நிக்கணும். தண்ணி மட்டும் கூடவே கூடாது. சூடான இரும்புல தண்ணி பட்டா மயிரிழை மயிரிழையா வெடிப்பு வுழும்னு டார்ச் அடிச்சு பழைய வெடிப்ப எனக்கே காட்டினாங்க. நானும் தலைய ஆட்டினேன். பக்கெட்ட மட்டும் அங்கேர்ந்து எடுக்கல. தரை கழுவ வோணுமேன்னு ஒரு சாக்கு வெச்சிருந்தேன்.

எங்க டிரைவரு கௌதமன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. என் தோஸ்து. கேபின்ல கண்ணாடியோரம் சின்னதா ஒரு புத்தர் படம் வெச்சிருப்பான். பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது. காயில டிரெயிலர்ல எறக்கினான்னா டிரெயிலரு ஒரு ஆட்டம் ஆடாது, முட்டைய வெக்கற மாதிரி வெப்பான். பொண்ணு நர்சிங் சேந்திருந்தா அந்த வருசம். அவன் ஒருத்தன் சம்பாத்தியத்துலதான் வூடு ஓடுச்சு.

அந்த நாளு கப்பல்ல காயில் முடியற கட்டம். இன்னும் இருவது சொச்சம்தான் பாக்கி. காலையிலேர்ந்து கப்பல் ஃபோர்மேன் கத்திகினே இருந்தான், சாயங்காலத்துக்குள்ள முடிக்கலன்னா அடுத்த கப்பலு வெளிய காத்துகினு கீது, ஜல்தி ஜல்தின்னு. மத்தியானம் பத்து எறக்கம் ஆய்டுச்சு. நிறுத்தி கன்ன எடுத்துகினு போனேன். டிரம்மு கிட்ட போனாலே மூஞ்சில அனல் அடிச்சுது. எரநூறத் தாண்டியிருக்கும்னு அடிக்காமயே தெரிஞ்சுது. நிறுத்தினா அரை மணி நேரம் போச்சு. கீழ ஃபோர்மேன் என் பேர சொல்லி அசிங்கமா கூவினான்.

எனக்கு மூக்கு மேல கோவம் வர்ற ஜாதகம். இத்தினி வருசமா தண்ணி ஊத்தாமயா கப்பல அனுப்பினோம்னு ஒரு ராங்கு. பக்கெட்ட எடுத்து முழுசா ஊத்தினேன். ஆவி அடங்கறதுக்குள்ள கன்ன அடிச்சேன். நூத்தி நாப்பதுன்னு காட்டுச்சு. ஃபாரத்துல நூத்தி நாப்பதுன்னு எழுதினேன். பொய் எழுதல பாருங்க, கன்னு காட்டினததான் எழுதினேன். அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிகினேன்.

அந்த தண்ணி தோல மட்டும்தான் குளுர வெச்சுது. உள்ள இருந்த சூடு உள்ளயே இருந்துச்சு. இன்னும் நாலு காயில் எறங்குச்சு. அஞ்சாவது காயில் பாதி எறங்கும்போது ஹாரன் சத்தம், வுடாம ஒரே ஹாரன். கௌதமன் பிரேக்க தரையோட மிதிச்சிகினு ஹாரன அடிச்சிகினு இருக்கான், பட்டை வழுக்குது, காயில் நிக்கல. கடைசி மூணு மீட்டர் தொப்புனு வுழுந்துச்சு. டிரெயிலரோட முதுகு ரெண்டா ஒடைஞ்சு, அதோட கேபின் அப்பளமாய்டுச்சு. டிரெயிலர் டிரைவரு அப்பதான் டீ குடிக்கப் போயிருந்தான்.

சாயங்காலத்துக்குள்ள மேனேஜர் முடிவு கட்டிட்டாரு. டிரைவரு கால எடுத்துட்டான், போன் பேசிகினு இருந்திருப்பான், இல்லாட்டி குடிச்சிருப்பான். கௌதமன வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. விசாரணை முடிஞ்சதும் வேலையவுட்டு தூக்கறதுன்னு பேச்சு. குடிச்சிட்டு ஓட்டினான்னு ஒருத்தன் சொன்னத பத்து பேரு சொன்னான். குடிக்காத மனுசன.

மறுநாள் காலையில எஸ்தர் மேடம் தனியா மெஷின் ரூமுக்கு ஏறினாங்க. நானும் பின்னாலயே போனேன். டார்ச் அடிச்சு வளையத்த சுத்தி சுத்தி பாத்தாங்க. ஓரத்துல புதுசா துரு பூத்திருந்துச்சு, வெரல்ல தொட்டுப் பாத்தாங்க. அப்பால பக்கெட்ட பாத்தாங்க. அடியில கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்துச்சு.

"அண்ணாச்சி, தண்ணி ஊத்துனியளா?"

"இல்ல மேடம். கன்னு இன்னா காட்டுச்சோ அதான் எழுதினேன்."

என் மூஞ்சிய ஒரு செகண்டு பாத்தாங்க. "சரி அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அஞ்சு நாளு, சோறு எறங்கல எனக்கு. எம் பொஞ்சாதி, "கௌதமன் வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாய்யா, பாவம் இன்னா பேஜாரு பாரு"ன்னு நச்சரிச்சா. அவன் வூட்டுக்குப் போற வழியில மூலக்கொத்தளம் வரைக்கும் பஸ்ல போயி, எறங்கி, அப்பிடியே திரும்பி வந்துட்டேன். நான் செஞ்ச கலீஜுக்கு அவன் தலை குனிஞ்சிகினு குந்தியிருக்கான், அவன் வூட்டு டீய எந்த வாயால குடிக்கறது?

விசாரணை திருவொத்தியூர் யார்டுல, ஷெட்டுல வெச்சாங்க. மேனேஜர், இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர், எஸ்தர் மேடம். செவுத்தோரம் கௌதமன் நிக்கறான், இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டை. நான் கதவாண்ட நிக்கறேன்.

மேடம் பேச ஆரம்பிச்சதும் மேனேஜர் கையக் காட்டி நிறுத்தினாரு. "தூக்கும்போது கஷ்டம்னா ஒத்துக்கறேன்மா. எறக்கறதுல இன்னா கஷ்டம்? தானா எறங்குது. பிரேக்கு ஏன் சூடாவணும்?"னாரு.

மேடம் ஒரு பைலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பைப்ப எடுத்தாங்க. ஒரு மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் மூடி. நடுவுல கை சூடு ஏறக்கூடாதுன்னு கோணி சுத்தியிருந்துச்சு. ஆட்டினா உள்ள சலசலன்னு சத்தம். காசிமேட்டுல மீன் வலைக்குக் கட்டற ஈயக் குண்டு, ஒண்ணரை கிலோ வாங்கிப் போட்டிருந்தாங்க. மூடியத் திறந்து தெர்மாமீட்டர ஈயத்துக்குள்ள சொருவிக் காட்டினாங்க. முப்பத்தொண்ணு. இன்சூரன்ஸ்காரரே பாத்து குறிச்சிகினாரு. மூடிய மாட்டி, பைப்ப மேனேஜர் கையில குடுத்துட்டாங்க.

"கோணியப் புடிச்சிக்கங்க சார். நூறு தடவ தலைகீழா திருப்புங்க. குண்டு பூரா கீழ வுழுந்தப்புறம் அடுத்தது."

எங்க மேனேஜர் ஃபைல தூக்கவே ஆளு வெக்கறவரு. இன்சூரன்ஸ்காரர் முன்னால முடியாதுன்னு சொல்ல முடியல. திருப்பினாரு. சலக், சலக்னு ஈயம் வுழுது, இன்சூரன்ஸ்காரர் எண்றாரு. அம்பதுல மேனேஜருக்கு வேர்த்துடுச்சு, எழுவதுல கோட்ட கழட்டினாரு. வேற நாளா இருந்தா நான் வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பேன். நூறு முடிஞ்சதும் மேடம் தெர்மாமீட்டர சொருவினாங்க. முப்பத்தஞ்சு.

"நான் ஆட்டினதால சூடாச்சு"ன்னாரு மேனேஜர், மூச்சு வாங்கிகினே.

"நீங்க மேல தூக்கினிய, அவ்ளோதான் சார். கீழ வுழுந்தது அதுவா வுழுந்துச்சு. நீங்க தூக்கின பாடு எங்க போச்சு? ஈயத்துக்குள்ள சூடா இருக்கு. ஒண்ணரை கிலோ ஒரு மீட்டர் வுழுந்ததுக்கு இது. பத்து டன்னு பன்னெண்டு மீட்டர் எறங்கினா?"

போர்டுல சாக்பீஸால அதே கணக்க போட்டாங்க. ஒவ்வொரு எறக்கத்துக்கும் எவ்ளோ ஏறும், நடுவுல எவ்ளோ ஆறும், எல்லாம் படிப்படியா. இன்சூரன்ஸ்காரர் சீட்ட இழுத்துப் போட்டு முன்னால வந்து உக்காந்துட்டாரு. எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சு, எங்க மேடம்னு. இன்னொரு பக்கம் பயம், அந்தக் கணக்கு எங்க வந்து நிக்கப் போவுதுன்னு எனக்குத்தானே தெரியும்.

மேனேஜர் சும்மா இல்ல. என் ஃபாரத்த எடுத்து மேஜை மேல போட்டாரு. "கணக்கெல்லாம் சரிம்மா. இதோ பத்தாவது எறக்கத்துக்கு அப்பறம் ரீடிங், நூத்தி நாப்பது. உங்க ஃபிட்டர் கையெழுத்து. பிரேக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப டிரைவர்தான்."

கௌதமன் தலையத் தூக்கல.

இப்ப சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். துரு, பக்கெட்டு, எல்லாத்தையும் பாத்தவங்க. ஒரே வார்த்த போதும், என் கதை முடிஞ்சுது. என் பக்கம் திரும்பவே இல்ல அவங்க. போர்டுல பன்னெண்டு மீட்டர்னு எழுதியிருந்தத கையால அழிச்சாங்க.

"மொதல்ல என் தப்ப சொல்லிடுதேன் சார். காயில் எறங்க எறங்க கப்பல் லேசாகி மேல எழும்பும். கப்பல் எழும்பினா காயில இன்னும் ஒசரமா தூக்கித்தான் கொண்டு வரணும், எறக்கமும் கூடும். அன்னைக்கு எறக்கம் பன்னெண்டு இல்ல, பதினஞ்சு மீட்டர். ஒரு எறக்கத்துக்கு முப்பத்திரண்டு இல்ல, நாப்பது டிகிரி. நான் போட்ட பத்து எறக்கக் கணக்கு பன்னெண்டு மீட்டருக்குப் போட்டது. கப்பல் எழும்புமேன்னு நான் யோசிக்கல. எழுதிக்கங்க, அது என் தப்பு. டிரைவர் தப்பு இல்ல."

மேலதிகாரி ஒருத்தர் தன் வாயால என் தப்புன்னு சொல்லி நான் அதுக்கு முன்ன கேட்டதே இல்ல. ஆபீஸ்ல தப்பு நடந்தா மேல இருக்கறவங்க எல்லாம் அழகா ஜகா வாங்கிடுவாங்க, கீழ இருக்கறவன் தலையிலதான் வந்து நிக்கும்.

"பதினஞ்சு மீட்டர்ல பத்து எறக்கத்துக்கு, ஆறினது போக எரநூத்தி எழுவதுக்குக் கம்மியா இருக்க வழியில்ல. ஃபாரத்துல நூத்தி நாப்பது இருக்கு. மிச்சம் நூத்தி முப்பது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல சார்"ன்னாங்க.

தெரியலயாம். மறுநாளே கண்டுபுடிச்ச விஷயம் அவங்களுக்குத் தெரியலயாம். எனக்கோசரம் அந்த எடத்த காலியா வுட்டு வெச்சிருக்காங்க, நானா வந்து நிரப்பட்டும்னு. கதவாண்டலேர்ந்து ரெண்டு எட்டு முன்னால வந்தேன். வாய் தானா தொறந்துச்சு.

"ஆவியாப் போச்சு மேடம்"னேன். "நான்தான் ஊத்தினேன். ஒரு பக்கெட்டு தண்ணி. ஊத்திட்டுத்தான் கன்ன அடிச்சேன். கௌதமன் மேல ஒரு தப்பும் இல்ல சார், அவன் கடைசி வரைக்கும் மிதிச்சிகினுதான் இருந்தான்."

மேனேஜர் கத்தின கத்தல இங்க எழுத முடியாது. கத்தி முடிக்கற வரைக்கும் மேடம் காத்திருந்தாங்க. அப்பால ஃபாரத்த எடுத்துகினு என் கிட்ட வந்து பேனாவ குடுத்தாங்க. "நூத்தி நாப்பத அடிச்சிட்டு சரியானத எழுதுங்க அண்ணாச்சி."

"சரியானது இன்னான்னு எனக்குத் தெரியாதே மேடம்."

"அப்ப தெரியாதுன்னு எழுதுங்க. ஏன் தெரியாதுன்னும் எழுதுங்க."

பேனாவ வாங்கி எழுதினேன். "தெரியாது. தண்ணீர் ஊற்றிவிட்டேன். தேசப்பன்." பள்ளிக்கூடத்து தமிழ்ல, கோணல் மாணலா. முப்பத்தஞ்சு வருச வேலையில நான் எழுதின ஒரே நெசமான ரிப்போர்ட்டு அதுதான்னு இப்ப தோணுது.

எனக்கு ரெண்டு மாசம் சஸ்பென்ஷன். சார்ஜ்மேன் ஆவற வரிசையில மொதல்ல இருந்தேன், அது பூடுச்சு, கடைசி வரைக்கும் வரல. மேடத்துக்கு மெமோ. கௌதமன் அடுத்த திங்கக்கெழம கேபின்ல ஏறிட்டான்.

நான் திரும்பி வந்த அன்னிக்கு மேடம் புது ஃபாரம் போட்டுகினு இருந்தாங்க. கப்பல் எவ்ளோ எழும்பியிருக்குன்னு ஒரு கட்டம் அவங்க சேத்திருந்தாங்க. "இது என் கட்டம். உங்க கட்டம் எங்க வரணும் அண்ணாச்சி?"ன்னாங்க. நான் என் கையால எழுதிக் குடுத்தேன், தண்ணீர்: உண்டு / இல்லைன்னு. அத அப்பிடியே அச்சடிச்சாங்க. உண்டுன்னு போட்டவன திட்டக்கூடாது, கிரேன ஒரு மணி நேரம் நிறுத்தினா போதும்னு ஒரு உத்தரவு. அதுக்கப்பால மூணு பேரு அந்தக் கட்டத்துல உண்டுன்னு டிக் அடிச்சானுங்க, வெவ்வேற நாள்ல. மூணு தபாவும் கிரேன் நின்னுச்சு, ஃபோர்மேன் கத்தினான், மேடம் கீழ எறங்கிப் போயி அவன் கத்தல அவங்க வாங்கிகினாங்க. எங்க ஆளு ஒருத்தனையும் ஒரு வார்த்த சொல்லல. அப்பிடி ஒருத்தங்க கீழ வேலை பாத்தேன்னு சொல்லிக்க எனக்கு ஒரு கெத்துதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி கீது. விசாரணை முடிஞ்ச சாயங்காலம், யார்டு வாசல்ல டீக்கடையில கௌதமன் நின்னுகினு இருந்தான். நான் மன்னிப்பு கேக்கலாம்னு போனேன். வாய் தொறக்கறதுக்குள்ள ரெண்டு டீ சொல்லிட்டான்.

"நான் பாத்தேன் தேசப்பா"ன்னான்.

"இன்னாத்த?"

"ஊத்தினத. கேபின் பின்கண்ணாடி பூரா ஆவி படிஞ்சுது. துணியால தொடச்சேன்."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. "அடப்பாவி, அஞ்சு நாளா குடிகாரன்னு பேரு வாங்கிகினு இருந்தியே, ஏன்டா சொல்லல?"

"நான் சொன்னாக்க, மாட்டிகினவன் தப்பிக்க சொல்றான்னுவாங்க. அதுவுமில்லாம…" டீய ஒரு ஆத்து ஆத்தினான். "நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நான் சொல்லாம வுட்டிருந்தா?"

"வேலை பூடும். அவ்ளோதானே. டிரெயிலர்ல ஆளு இல்ல தேசப்பா. அன்னிலேர்ந்து எனக்கு அது ஒண்ணுதான் மனசுல ஓடுது."

டீக்கடையில, அத்தினி பேரு முன்னால, நான் அழுதேன். வெக்கமே படல. அவன் என் தோள்ல தட்டிட்டு, "டீ ஆறுது பாரு"ன்னான்.

இப்ப எண்ணூர்ல வந்திருக்கற கிரேன் வேற மாதிரியாம். சுமை எறங்கும்போது மோட்டாரே பின்பக்கமா சுத்தி கரண்ட் உண்டாக்கி லைனுக்கு அனுப்பிடுதாம். அந்த ஷிப்ட் இன்ஜினியர் சொல்லச் சொல்ல வாயப் பொளந்து கேட்டேன். நாங்க வாடையாவும் ஆவியாவும் வுட்டத இவங்க வெளக்கெரியறதுக்குத் திருப்பிக் குடுக்கறாங்க. பலே. அங்க பிரேக்கு ஜில்லுனு இருக்கும், தண்ணிக் கட்டத்துக்கு வேலையே இல்ல.

நேத்து கௌதமனுக்கு போன் போட்டேன். அவன் இப்ப மாத்தூர்ல பொண்ணு வூட்டாண்ட இருக்கான், பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில நர்சு. விஷயத்த சொன்னேன். "எடுத்துடச் சொல்லுடா மாமு. எத்தினி வருசம்தான் அதையே தூக்கிகினு திரிவே?"ன்னான். அவனே சொல்லிட்டான். எடுத்துட வேண்டியதுதான்.

இதை எழுதி முடிச்சிட்டு, ஷிப்ட் இன்ஜினியருக்கு அனுப்பறதுக்கு முன்ன, மேடத்துக்கே நேரா போன் பண்ணேன். இப்ப சீஃபு, குரல் மட்டும் அப்பிடியே இருக்கு.

"கௌதமன் எடுத்துடச் சொல்றான் மேடம்."

"அவரு சொல்லட்டும். நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

யோசிச்சேன். "புது கிரேனு மெஷின் ரூம்ல பக்கெட்டு கீதா மேடம்?"

"இருக்கு. தரை கழுவறதுக்கு."

"அப்ப கட்டமும் இருக்கட்டும்"னேன்.